முதல் ஆல்பத்தை நாமே வெளியிடுவது: சிங்கப்பூர்த் தமிழ் பேண்டுகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் சிங்கப்பூரில் ஒரு தமிழ் ராக் பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். நாங்கள் நால்வர். எட்டுப் பாட்டு, 36 நிமிடம் கொண்ட எங்கள் முதல் ஆல்பத்தை எந்த லேபிளும் இல்லாமல் நாங்களே வெளியிட்டோம். அதன்பிறகு மேடையை விட்டு இறங்கும்போதெல்லாம் யாராவது ஒரு தம்பியோ தங்கையோ வந்து, “அண்ணே, எப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்கிறார்கள். பாதிப் பதில் சொல்வதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் இங்கே உட்கார்ந்து நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

லேபிள் இல்லாமல் வெளியிட்டால் யாராவது மதிப்பார்களா?

மதிப்பார்கள். இந்த ஊரில் ராக் இசை பெரும்பாலும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. 80களிலும் 90களிலும் இங்கே பேண்டுகள் தாங்களே கேசட் பதிவு செய்து கைமாற்றி விற்றார்கள். நம்மவர்களும் அதில் உண்டு. 1992இல் தொடங்கிய ருத்ரா பேண்ட் வேத சுலோகங்களை மெட்டல் இசையோடு சேர்த்து, உலகமெங்கும் தனக்கென ரசிகர்களைத் தேடிக்கொண்டது. ஆகவே “இந்தியப் பிள்ளைகளுக்கு ராக் எதற்கு?” என்று யாராவது கேட்டால் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். அந்தக் கேள்விக்கு முப்பது வருடத்துக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது.

முழு ஆல்பமா, ஈபியா? எத்தனை பாட்டு இருக்க வேண்டும்?

பொதுவாக ஆறு பாட்டுக்குள், அரை மணி நேரத்துக்குள் இருந்தால் இசைத் தளங்கள் அதை ஈபி, அதாவது சின்ன ஆல்பம், என்று வகைப்படுத்தும். அதற்கு மேல் போனால் ஆல்பம். எங்களிடம் பதினொரு பாட்டு இருந்தன. மூன்றை எடுத்துவிட்டோம். அதில் ஒன்று நான் எழுதியது, வலித்தது. ஆனால் பேண்டில் நான்கு பேரும் மனசார நிற்க முடியாத பாட்டு ஆல்பத்தில் இருந்தால், ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அது உறுத்திக்கொண்டே இருக்கும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் எப்படிப் பயிற்சி எடுப்பது?

கிட்டாருக்கும் பேஸுக்கும் ஹெட்ஃபோன் போதும். டிரம்ஸ்தான் பிரச்சினை. எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கிவிட்டால் சத்தமே வராது என்று நினைக்கிறார்கள். காற்றில் அதிகம் வராது, உண்மைதான். ஆனால் கிக் பெடலை மிதிக்கும் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு அப்படியே இறங்கும். எங்கள் டிரம்மர் வீட்டுக்கு மூன்றாம் நாளே கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி வந்து கதவைத் தட்டினார். அவர் திட்டவில்லை. “எத்தனை மணிக்கு வாசிப்பாய் என்று மட்டும் சொல்” என்றார். சனிக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்று வரை என்று முடிவானது. அந்த ஒரு மணி நேரம் அவர் ஈரச்சந்தைக்குப் போய்விடுவார். இரண்டு வருடம் இது நடந்தது.

அடியில் கனமான ரப்பர் பாயும், அதற்குக் கீழே பாதியாக வெட்டிய டென்னிஸ் பந்துகள் பதித்த பலகையும் வைத்தால் அதிர்வு நன்றாகக் குறையும். நால்வரும் சேர்ந்து வாசிக்க ஜாமிங் ஸ்டுடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுங்கள். வார நாள் பகலில் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். போவதற்கு முன் அன்றைக்கு எந்த இரண்டு பாட்டு என்று முடிவு செய்துகொண்டு போங்கள். இல்லையென்றால் முதல் அரை மணி நேரம் பேச்சிலேயே போய்விடும்.

பேண்டில் ஒருவர் தேசிய சேவைக்குப் போகிறார். நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். இரண்டு வருடம் என்பது பாட்டு எழுத நல்ல காலம். எங்கள் பாடகர் முகாமிலிருந்து வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது ஃபோனில் முனகிப் பதிவு செய்த மெட்டுகளில் மூன்று இந்த ஆல்பத்தில் இருக்கின்றன. ஆனால் ஒலிப்பதிவுத் தேதியை மட்டும், சேவை முடித்தவர்களை மறுபடி பயிற்சிக்குக் கூப்பிடும் ரிசர்விஸ்ட் அழைப்புகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

நீங்கள் எதை வெளியே கொடுத்துச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாங்கள் டிரம்ஸை மட்டும் ஸ்டுடியோவில் பதிவு செய்தோம். மற்றதெல்லாம் கிட்டாரிஸ்ட்டின் படுக்கையறையில், துணி அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, தொங்கும் சேலைகளுக்கு முன்னால் பாடகரை நிற்க வைத்துப் பதிவானது. சேலைகள் எதிரொலியை நன்றாக விழுங்கிக்கொள்ளும். மிக்ஸிங்கும் (தனித்தனிப் பதிவுகளை அளவு பார்த்து ஒன்றாகக் கலப்பது) மாஸ்டரிங்கும் (கடைசியாக ஒலியைச் சீராக்குவது) வெளியே கொடுத்தோம். காசு குறைவாக இருந்தால் மற்ற எதிலும் மிச்சம் பிடியுங்கள், மிக்ஸிங்கில் பிடிக்காதீர்கள். நம் பாட்டை ஐநூறு தடவை கேட்டுப் பழகிய நம் காதுக்கு அதில் என்ன குறை என்று தெரியாது.

அப்புறம் ஒரு விஷயம். பதிவு செய்த கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். எங்கள் முதல் முயற்சியில் ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பி, இரண்டு பாட்டின் குரல் பதிவை முழுசாக இழந்தோம்.

தமிழில் பாடினால் இங்கே கேட்க ஆள் குறைவு. ஆங்கிலத்தில் பாடலாமா?

உங்களுக்குக் கனவு எந்த மொழியில் வருகிறதோ அதில் பாடுங்கள். எனக்குத் தமிழில் வருகிறது. அதுவும் சென்னைத் தமிழில் இல்லை. கோப்பிக் கடையும் வாய்ட் டெக்கும் (அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளம்) எம்ஆர்டி ரயிலும் இருக்கிற தமிழில். ராக் பாட்டு என்றதும் பலர் சினிமாப் பாட்டுத் தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள்: நிலா, தென்றல், கண்மணி. அந்தச் சொற்களில் தப்பில்லை. ஆனால் ஈசூனில் வளர்ந்த ஒரு பெண் தன் தம்பியிடம் பேசுகிற தமிழை யாரும் இன்னும் போதிய அளவு பாடவில்லை. அதை நாம் பாடாவிட்டால் வேறு ஊர்க்காரர் வந்து பாடப்போவதில்லை. இதை நான் மனதார நம்புகிறேன்.

சவுண்ட் இன்ஜினியருக்குத் தமிழ் தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை, ஆனால் நீங்கள் கூடவே உட்கார வேண்டும். எங்களோடு வேலை செய்தவர் நல்ல காது உள்ளவர், தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர். அவரோடு வேலை செய்யும்போதுதான் நம் மொழி மைக்கில் எப்படி நடந்துகொள்கிறது என்பதையே நான் கற்றுக்கொண்டேன்.

தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். ‘விடு’ என்ற சொல்லை மெட்டுக்காக இழுத்தால் ‘வீடு’ ஆகிவிடும். ‘படு’ இழுபட்டால் ‘பாடு’. ஆங்கில ராக்கில் எந்த உயிரெழுத்தையும் இஷ்டத்துக்கு இழுக்கலாம், பொருள் கெடாது. அந்தப் பழக்கத்தில் நாமும் மெட்டை முதலில் போட்டுவிட்டுச் சொற்களை அதற்குள் திணிக்கிறோம். எங்கள் ஒரு பாட்டில் “என்னை விடு” என்பது கடைசி வரை “என்னை வீடு” என்றுதான் கேட்டது. மெட்டை மாற்றினோம். நீண்ட ஸ்வரம் வருகிற இடத்தில் நெடில் வருகிற மாதிரி வரியைத் திருப்பி எழுதினோம். பாட்டு சட்டென்று மூச்சு விட்டது.

அடுத்து ஒற்றெழுத்து. ‘எடு’வுக்கும் ‘எட்டு’க்கும் உள்ள வித்தியாசம் ஒரு சின்ன மௌனம்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி நிற்கிற அந்தக் கணம் இருக்கிறதே, அது. ஒரே வரியைப் பாடிய பல டேக்குகளிலிருந்து நல்ல பகுதிகளை வெட்டி ஒட்டும்போது, தமிழ் தெரியாத இன்ஜினியர் அந்த மௌனத்தைத் தேவையில்லாத இடைவெளி என்று நினைத்துச் சுருக்கிவிடுவார். அவர்மேல் தப்பில்லை. எங்கே வெட்டக்கூடாது என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் செய்தது இதுதான். ஒவ்வொரு பாட்டின் வரிகளையும் ரோமன் எழுத்தில் அச்சடித்து, ஒவ்வொரு வரிக்கும் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று ஓரத்தில் எழுதி, இரட்டிக்கிற எழுத்துகளைச் சிவப்பில் வட்டமிட்டுக் கொடுத்தோம். மிக்ஸ் முடிந்ததும் பாட்டை ஒரு தடவைகூடக் கேட்டிராத ஒருவரிடம், எங்கள் விஷயத்தில் என் அத்தையிடம், போட்டுக் காட்டி, காதில் விழுந்ததை எழுதச் சொன்னோம். அத்தை எழுதியதும் நாங்கள் எழுதியதும் எங்கெல்லாம் வேறுபட்டதோ, அங்கெல்லாம் கிட்டார் சத்தம் குறைந்தது. ஒரு வரியில் ழகரம் டிரம்ஸின் சிம்பல் தட்டு ஒலிக்குள் காணாமல் போயிருந்தது. அத்தைதான் கண்டுபிடித்தார்.

சினிமாப் பாட்டு ஒன்றை எங்கள் பாணியில் பாடி ஆல்பத்தில் சேர்க்கலாமா?

அனுமதி வாங்கினால் சேர்க்கலாம். பாட்டின் உரிமை பெரும்பாலும் இந்தியாவில் உள்ள இசை நிறுவனத்திடம் இருக்கும். மேடையில் பாடுவது வேறு, பதிவு செய்து விற்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனி அனுமதி. முதல் ஆல்பத்தில் இந்த வம்பு வேண்டாம் என்பது என் கருத்து.

பழைய பாட்டு ஒன்று வேண்டும் என்று ஆசையாக இருந்தால் சித்தர் பாடல்களைப் பாருங்கள். பாரதியாரைப் பாருங்கள். அவர் 1921இல் மறைந்தார். அவருடைய எழுத்துகளை அன்றைய சென்னை மாகாண அரசு 1949இல் நாட்டுடைமையாக்கியது. வரிகளை யாரும் பாடலாம். ஆனால் வேறொருவர் அந்த வரிகளுக்குப் போட்ட மெட்டு அவருடையது. மெட்டை நீங்கள்தான் போட வேண்டும்.

பாட்டு யாருக்குச் சொந்தம்? நாங்கள் நண்பர்கள்தானே, எழுதி வைக்க வேண்டுமா?

எழுதி வையுங்கள். நண்பர்கள் என்பதால்தான் எழுதச் சொல்கிறேன்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று மெட்டும் வரிகளும். இன்னொன்று அந்த ஒலிப்பதிவு. இரண்டுக்கும் சொந்தக்காரர் வெவ்வேறாக இருக்கலாம். சிங்கப்பூரில் காப்புரிமைக்கு எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. படைத்து ஏதாவதொரு வடிவத்தில் பதிவானதுமே வந்துவிடும். மெட்டுக்கும் வரிகளுக்கும் எழுதியவரின் ஆயுட்காலமும் அதற்குப்பின் 70 ஆண்டும் உரிமை உண்டு.

2021ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் வந்தபிறகு ஒன்று மாறியிருக்கிறது. காசு கொடுத்து ஒலிப்பதிவோ புகைப்படமோ செய்யச் சொன்னாலும், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் முதல் உரிமை உருவாக்கியவருக்குத்தான். அட்டைப் படம் எடுத்த நண்பருக்கும் இது பொருந்தும். நியாயமான சட்டம்தான். ஆனால் நாளைக்கு அந்தப் படத்தை டி-சட்டையில் போட நினைத்தால் அவரிடம் கேட்க வேண்டும். எல்லாரும் சிரித்த முகத்தோடு இருக்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

எங்கள் பேண்டில் என்ன செய்தோம்? வரிகளை எழுதியவருக்குத் தனிப் பங்கு. இசைக்கு நால்வருக்கும் சம பங்கு, யார் முதலில் மெட்டைக் கொண்டுவந்தாலும் சரி. ஜாமிங் அறையில் ஒரு பாட்டு எப்படி மாறுகிறது என்று பார்த்தவர்களுக்கு இது நியாயம் என்று புரியும். கிட்டாரிஸ்ட் கொண்டுவந்த ஒரு மெதுவான மெட்டை டிரம்மர் இரட்டை வேகத்தில் வாசித்துக் காட்டினார். இன்றைக்கு எல்லாரும் கூடவே பாடுகிற பாட்டு அதுதான். டிரம்மருக்கு அதில் பங்கு இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

அந்தப் பக்கத்தில் பெயர், பங்கு சதவிகிதம், தேதி, கையெழுத்து. அவ்வளவுதான். பின்னால் வயலின் வாசிக்க வந்த தோழி, கோரஸில் குரல் கொடுத்தவர்கள், எல்லார் பெயரையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். லேபிள் இருந்தால் இதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நமக்கு நாம்தான் லேபிள். நாம் மறந்தால் அந்தப் பெயர் எங்கேயும் இருக்காது.

காம்பஸில் சேர வேண்டுமா?

சேருங்கள். 1987இல் தொடங்கிய காம்பஸ், சிங்கப்பூர் இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களின் உரிமைத் தொகையை வசூலித்துத் தருகிற அமைப்பு. வானொலியிலோ மேடையிலோ கடையிலோ உங்கள் பாட்டு ஒலித்தால் அதற்கான பங்கு அதன் வழியாக வரும். பேண்ட் என்று சேர்வதில்லை; மெட்டோ வரிகளோ எழுதிய ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சேர வேண்டும். பங்கு சதவிகிதத்தைக் கேட்பார்கள். மேலே சொன்ன அந்த ஒரு பக்கம் இங்கேதான் கை கொடுக்கும்.

சேர்ந்தபின் உங்கள் பாட்டை நீங்களே மேடையில் பாடினாலும் அந்த நிகழ்ச்சிக்கு காம்பஸ் உரிமம் வேண்டும். அரங்கமோ ஏற்பாட்டாளரோ அதை எடுத்திருப்பார்கள். அன்று பாடிய பாட்டுப் பட்டியலை மட்டும் மறக்காமல் கொடுங்கள்.

ஸ்பாட்டிஃபையில் எப்படி ஏற்றுவது?

நேராக ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்ற விநியோகச் சேவை ஒன்றின் வழியாகப் போக வேண்டும். சில சேவைகளில் வருடச் சந்தா, சிலவற்றில் ஒருமுறைக் கட்டணம். சந்தா கட்டுவதை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடுமா என்பதை முதலிலேயே படித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்துக் குறியீடு கிடைக்கும். அது அந்தப் பதிவின் அடையாள அட்டை மாதிரி. விநியோகச் சேவையை மாற்றினாலும் பழைய குறியீட்டையே கொடுங்கள், அதுவரை கேட்டவர்களின் கணக்கு கூடவே வரும். 2015 முதல் உலகம் முழுக்கப் புதிய இசை வெள்ளிக்கிழமைதான் வருகிறது. ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கக் குறைந்தது ஏழு நாள் முன்பே அனுப்ப வேண்டும். நான் சொல்வேன், நான்கு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைத் தமிழ் எழுத்திலா, ரோமன் எழுத்திலா கொடுப்பது?

பாட்டுப் பெயர் தமிழில் இருக்கட்டும் என்பது என் ஆசை. நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆனால் பேண்டின் பெயருக்கு ஒரே ஒரு ரோமன் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, எங்கேயும் மாற்றாதீர்கள். தனிப்பாட்டாக வெளியிட்ட எங்கள் முதல் சிங்கிளில் ஒரு எழுத்துக்கூட்டல், ஆல்பத்தில் வேறொன்று. தளத்தில் இரண்டு பேண்டாகிவிட்டோம்! ஒன்றாக்க ஆறு வாரம் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பெயரில் ழகரமோ நெடிலோ இருந்தால் நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள். உட்கார்ந்து ஒரே முடிவுக்கு வாருங்கள்.

அதில் காசு வருமா?

கொஞ்சம். 2024 முதல், ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 12 மாதத்தில் குறைந்தது 1,000 தடவை கேட்டிருந்தால்தான் அந்தப் பதிவுக்குத் தொகை கிடைக்கும். பேண்ட்கேம்பில் கேட்பவர் நேராக வாங்கலாம்; டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் 15 சதவிகிதம் எடுத்துக்கொள்கிறது. எங்களுக்கு அங்கிருந்து வந்த தொகைதான் அதிகம். மலேசியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் தமிழர்கள் வாங்கினார்கள். ஒருவர் கேட்ட விலைக்கு மேல் கொடுத்துவிட்டு, “அடுத்த ஆல்பத்துக்கு” என்று தமிழில் ஒரு வரி எழுதியிருந்தார். நால்வரும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம்.

சிடி போடலாமா, இசைத்தட்டா?

இசைத்தட்டு அழகுதான். ஒரு பக்கத்துக்கு 22 நிமிடத்துக்குள் இருந்தால் ஒலி நன்றாக இருக்கும். ஆனால் குறைந்தபட்ச எண்ணிக்கையும் செலவும் பெரிது, மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். நாங்கள் 200 சிடி போட்டோம். “சிடி பிளேயரே இல்லையே, அண்ணே” என்று சொல்லிக்கொண்டே வாங்கினார்கள். உள்ளே பாட்டு வரிகள் முழுவதும் தமிழில் அச்சடித்த சின்னப் புத்தகம் இருந்தது. அதற்காகத்தான் வாங்கினார்கள் என்று நினைக்கிறேன். அச்சகத்துக்கு அனுப்பும்போது தமிழ் எழுத்துரு உடையாமல் இருக்க, எழுத்துகளை வடிவங்களாக மாற்றி அனுப்புங்கள். கொம்பும் காலும் இடம் மாறிய மாதிரிப்படி ஒன்று எங்களுக்கு வந்தது. நல்லவேளை, 200ம் அச்சாகும் முன் பார்த்தோம்.

வானொலியில் போடுவார்களா?

ஒலி 96.8க்கு அனுப்புங்கள். முழு ஆல்பத்தை அனுப்பாமல் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, வரிகளோடு, நீங்கள் யார் என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். அறிமுக இசை நீளமாக இருந்தால் வானொலிக்கென்று சுருக்கிய பதிப்பு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே மேடை கிடைக்கும்?

எஸ்பிளனேட் கலை அரங்கம் 2002இல் திறந்தது. அதே வருடம் தொடங்கிய பேபீட்ஸ் விழா உள்ளூர் மாற்று இசைக்கென்றே நடக்கிறது, அனுமதி இலவசம். புதிய பேண்டுகளைத் தேர்ந்தெடுத்து மூத்த கலைஞர்களோடு பயிற்சி தருகிற திட்டமும் அதில் உண்டு. நவம்பரை ஒட்டி அங்கே கலா உத்சவம் நடக்கும். இந்தியக் கலை விழா என்றதும் நமக்கு இடமில்லை என்று ஒதுங்காதீர்கள். இரண்டு வாசலையும் தட்டலாம். தமிழ் ராக் இரண்டு வீட்டுக்கும் பிள்ளைதான். நீங்களே அரங்கம் எடுத்து நடத்தினால், உரிமங்கள் யார் பொறுப்பு என்று முதல் நாளே அரங்கத்தாரிடம் கேளுங்கள். பாட்டு வரிகளைக் கேட்டால் கொடுக்க, ஆங்கில விளக்கத்தோடு தயாராக வைத்திருப்பது நல்லது.

மானியம்?

தேசியக் கலைகள் மன்றத்தின் திட்டங்களைப் பாருங்கள். விண்ணப்பத்தில் திட்டமும் வரவுசெலவுக் கணக்கும் தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் மானியம் வந்தால்தான் ஆல்பம் என்று காத்திருக்காதீர்கள்.

வரி கட்ட வேண்டுமா?

வருமானத்தைக் காட்ட வேண்டும். இசைப் படைப்புக்கு வருகிற உரிமைத் தொகைக்கு இப்போது என்ன விதி என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள்.

வெளியிட்ட பிறகு செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரில் விற்பனைக்கோ பொது விநியோகத்துக்கோ சிடி போன்ற வடிவத்தில் எதை வெளியிட்டாலும், நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதியைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். சட்டப்படியான கடமை. நாங்கள் நால்வரும் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒன்றாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

அன்று மாலை இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு டிரம்மரின் கீழ்வீட்டுக்குப் போனோம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், நன்றி என்ற தலைப்பின் கீழ், முதல் பெயர் அந்த ஆன்ட்டியுடையது. தமிழில் எழுதியிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. எது என்று விரல் வைத்துக் காட்டினோம். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தும் எப்படி ஒலிக்கும் என்று கேட்டார்.